டிராகன்களின் வீட்டை மீட்கும் சைடு குவெஸ்ட்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பகுதியில் கேம் வடிவமைப்புப் பழகும் மாணவர்கள், வாழிடம் இழந்த டிராகன்களுக்கு அதை மீட்டுத் தரும் சைடு குவெஸ்ட் (முதன்மைக் கதைக்கு வெளியே வரும் கிளைப்பணி) ஒன்றைத் தங்கள் ஃபேன்டஸி உலகில் சேர்க்க எண்ணினால், முதலில் கைவிட வேண்டியது கல் பொறுக்கும் வேலையை. பத்து மந்திரக் கற்களைக் கொண்டுவந்து கொடுத்ததும் பாழான மலை பச்சைப்பசேலென்று மாறிவிடுகிற குவெஸ்ட்டில், அந்த வீடு எதனால் அழிந்தது என்ற கேள்விக்கு விடையே இருப்பதில்லை.

காரணத்துக்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. தேக்கினால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன, திறந்துவிட்டால் கழிவு கீழேயுள்ள நிலங்களுக்குப் போயிற்று. 2011இல் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேடு அணையில் அல்ல, ஆற்றின் மேற்பகுதியில் தொடங்கியது. ஆகவே டிராகன்களின் சுனையை ஆட்டக்காரர் முதலில் தூர்வாரினால் அது மறுபடி கெட வேண்டும். மேலே போய் ஊற்றுக்கண்ணைக் கெடுப்பது எது என்று கண்டுபிடித்து நிறுத்திய பிறகே தூர்வாரியது பலன் தர வேண்டும்.

மரம் நட்டால் மீட்பு முடிந்தது என்று கருதுவது அடுத்த தவறு. நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகளைத் தரிசு என்று எண்ணிச் சீகையும் (வாட்டில் மரம்) யூக்கலிப்டஸும் நட்டதால் புல்வெளி அழிந்ததை இன்றும் அங்கே காணலாம். மலைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் படர்ந்திருக்க, நிழலுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள் நிற்கும். வேற்றூர்க்காரர் கண்ணுக்கு வெறுங்காடாகத் தெரிகிற அந்த மேய்ச்சல் நிலம்தான் காங்கேயம் மாட்டின் வீடு. அகன்ற சிறகை விரித்து ஓடி எழும்ப வேண்டிய டிராகனுக்கும் திறந்தவெளிதான் தேவை. அங்கே நெருக்கமாக மரம் நடும் ஆட்டக்காரர் அதன் வீட்டை இன்னொரு முறை அழிக்கிறார் என்று நான் சொல்வேன். கேமும் அதைக் காட்ட வேண்டும்.

மனிதன் பாடுபட, டிராகன்கள் ஓரமாக நின்று நன்றி சொல்வது சலிப்பூட்டும். பவானியிலிருந்து நீரைக் கொண்டுசெல்லும் காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து செல்லும் அதற்குப் பாம்பு ஒன்று தடம் காட்டியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பாம்பு காட்டியதோ இல்லையோ, நீர் தானே ஓடுவதற்கு நில வாட்டத்தை ஒட்டி வளைந்தாக வேண்டும். ஆட்டக்காரர் நேராகக் கால்வாய் இழுக்க முயலும்போது, “அந்த மேட்டுல தண்ணி ஏறாது கண்ணு, எம் பின்னால வா” என்று கிழட்டு டிராகன் முன்னே நகரட்டும். இடத்தை அறிந்தது அதுதான்.

பரிசாக வாளும் பொற்காசும் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீண்ட மலையில் தங்கவும் பறக்கவும் கிடைக்கும் உரிமையே போதும்.

நிரலாக்கத்தில் நிகழும் தவறு ஒன்று மற்ற எல்லா உழைப்பையும் வீணாக்கிவிடும். குவெஸ்ட்டின் நிலையை ‘முடிந்தது, முடியவில்லை’ என்ற இரண்டே மதிப்புள்ள ஒற்றை மாறியில் (variable) வைத்தால், பாதி மீண்ட சுனைக்கு எதிரே நின்றுகொண்டு ஊர்க்காரர் பழைய வறட்சியையே புலம்பிக்கொண்டிருப்பார். ஊற்று அடைபட்டது, நீர் வந்தது, புல் முளைத்தது, டிராகன்கள் திரும்பின என்று கட்டங்களுக்கு எண் கொடுத்து, நிலக்காட்சி, உரையாடல், ஒலி மூன்றையும் அந்த எண்ணோடு பிணைக்க வேண்டும். குவெஸ்ட்டைப் பெறுவதற்கு முன்பே ஆட்டக்காரர் ஊற்றைத் திறந்துவிட்டாலும், வழிகாட்டும் டிராகன் சண்டையில் இறந்துவிட்டாலும் பணி நடுவில் முடங்காதா என்பதை, ஒவ்வொரு கட்டத்திலும் சேவ் செய்து மீண்டும் திறந்து சோதித்த பிறகே வெளியிடுங்கள்.