பெஞ்ச் பிரஸ் போடும்போது நெஞ்சுல சுருக்குனு இழுத்துச்சா? அடுத்து பண்ண வேண்டியது இதுதான்

திங்கக்கிழமை எந்த ஜிம்முக்குப் போனாலும் பெஞ்ச் காலியா இருக்காது, எல்லாருக்கும் அன்னைக்குத்தான் செஸ்ட் டே. எனக்கு அடிபட்டதும் ஒரு திங்கக்கிழமைதான். பெஞ்ச் பிரஸ்ல, அதாவது பெஞ்சுல படுத்து பாரை நெஞ்சு வரைக்கும் இறக்கி மேல தள்ளுறதுல, 80 கிலோ, நாலாவது ரெப் (நாலாவது தடவை), பார் கீழ இறங்கி நெஞ்சைத் தொடப் போற நேரத்துல வலது அக்குள் பக்கமா சுருக்குனு ஒரு இழுப்பு, பழைய லுங்கியைக் கிழிச்சா எப்படி இருக்கும் அந்த மாதிரி. பின்னாடி நின்ன ஃப்ரெண்டு பாரைப் பிடிச்சு ரேக்ல வச்சுட்டான். ட்ரெயினர் வந்து தோளைத் தட்டிப் பாத்துட்டு "ஒண்ணுமில்ல ப்ரோ, மசில் பிடிச்சிருக்கு, லைட் வெயிட்ல ரெண்டு செட் பம்ப் பண்ணுங்க சரியாயிடும்"னார். நானும் பண்ணேன். அந்த ரெண்டு செட்டுக்கு நான் கொடுத்த விலை மூணு மாசம்.

சரி, நம்ம கதை அப்புறம். நெஞ்சுல வலின்னா அது ஜிம்ல வந்தாலும் முதல் கேள்வி ஹார்ட்டா இல்லையாங்கறதுதான். கனமா எதையோ ஏத்தி வச்ச மாதிரி அழுத்தம், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுறது, குப்புனு வேர்க்கிறது, மூச்சு வாங்குறது, குமட்டல், தலை சுத்தல், இதுல எது இருந்தாலும் அங்கேயே நிறுத்திட்டு 108க்கு கூப்பிடுங்க, பைக்கை எடுத்துட்டு நீங்களே கிளம்பாதீங்க, கேஸ் ட்ரபிள்னு சோடா குடிச்சிட்டு உக்காராதீங்க. நமக்கு வயசு கம்மி, பாடி ஃபிட்டுன்னு எல்லாம் நினைக்க வேண்டாம், கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29ல ஹார்ட் பிரச்சனையில போனப்போ அவருக்கு வயசு 46, ஃபிட்னஸுக்கே பேர் போனவர். ஒல்லியா உயரமா இருக்கிற பசங்களுக்கு இன்னொண்ணு: திடீர்னு ஒரு பக்கமா குத்தி மூச்சு இழுக்கவே கஷ்டமா இருந்தா நுரையீரல்ல இருந்து காத்து கசிஞ்சிருக்கலாம், அதுவும் நேரா எமர்ஜென்சிதான். "அழுத்துனா வலிச்சா மசில், வலிக்கலைன்னா ஹார்ட்"னு ஒரு கணக்கு வாட்ஸப்ல சுத்துது, அதை நம்பி ஈசிஜியைத் தள்ளிப் போடாதீங்க.

ஹார்ட்டும் நுரையீரலும் இல்லைன்னு ஆயிடுச்சுன்னா அடுத்து ஒரே ஒரு விரலை எடுத்து எங்க வலிக்குதுன்னு தொட்டுப் பாருங்க. நடு நெஞ்செலும்பு ஓரமா, விலா எலும்பு வந்து ஒட்டுற இடத்துல வலின்னா அது மசிலே இல்லாம இருக்கலாம், அங்க இருக்கிற குருத்தெலும்புல அழற்சி வந்திருக்கும், டிப்ஸ் (ரெண்டு கம்பியில கையை ஊனி உடம்பை இறக்கி ஏத்துறது) அதிகமா போடுறவங்களுக்கு இது வரும், தும்முனா இருமுனா, படுக்கையில புரண்டா சுள்ளுனு இருக்கும். பயமுறுத்துற வலி, ஆனா பெரும்பாலும் சில வாரத்துல தானா அடங்கிரும், அதுவரைக்கும் டிப்ஸும் அகலப் பிடியில பண்ற பிரஸ்ஸும் கூடாது, ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டிக்கிறது நல்லது. நெஞ்சு சதையிலயே வலின்னா மசில் இழுப்பு. அக்குளுக்கு முன்னாடி, மேல்கை பக்கமா வலின்னா அங்கதான் உஷாரா இருக்கணும், ஏன்னு கீழ சொல்றேன்.

மறுநாள் வர்ற சாதாரண உடம்பு வலியோட இதைக் குழப்பிக்கிறவங்க நிறைய பேரு. அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், போட்டு முடிச்சு அடுத்த நாள், அதுக்கு அடுத்த நாள்னு ஏறி இறங்கிடும். அடின்னா அந்த ரெப்லயே தெரியும், ஒரு பக்கம்தான், இந்த இடம்னு விரல் வச்சுக் காட்டலாம்.

முதல் ரெண்டு மூணு நாள்தான் எல்லாரும் சொதப்புற இடம். ஐஸ் கட்டியைத் துண்டுல சுத்தி 15, 20 நிமிஷம் வைங்க, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு திரும்ப. நேரா தோல்ல வைக்காதீங்க. கை தொங்கும்போது இழுத்தா ஒரு துப்பட்டாவை கழுத்துல கட்டி கையை அதுல போட்டுக்கோங்க. எங்க வீட்ல அம்மா வென்னீர் ஒத்தடம் ரெடி பண்ணிட்டாங்க, பக்கத்து வீட்டு அக்கா சுளுக்கு எடுக்கிற ஒரு பெரியவர் அட்ரஸே கொடுத்துட்டாங்க, மூணு தடவை எண்ணெய் போட்டு நீவுனா பறந்துருமாம். ரெண்டு பேரும் பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா உள்ள நார் கிழிஞ்சு ரத்தம் கசியுற நேரத்துல சூடு வச்சா, அழுத்தி நீவுனா, கசிவு கூடும், கிழிசலும் பெருசாகும். அதனால முதல் மூணு நாள் ஒத்தடம், மசாஜ், சரக்கு மூணும் வேண்டாம், "இழுத்து விட்டா சரியாயிடும்"னு ஸ்ட்ரெச்சும் வேண்டாம். ஸ்ப்ரே அடிச்சா தோல் சில்லுன்னு இருக்கும், அவ்ளோதான், அந்த சில்லுப்புல ஏமாந்து மறுபடி பெஞ்சுல படுக்காதீங்க. வலி தாங்கலைன்னா பாராசிட்டமால் போதும், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையை மெடிக்கல்ல கேட்டு வாங்கி நாள் கணக்குல போடாதீங்க, வயித்துப் புண்ணோ கிட்னி பிரச்சனையோ இருந்தா தொடவே தொடாதீங்க.

இப்ப அந்த அக்குள் விஷயம். நெஞ்சு மசில் முழுக்க விசிறி மாதிரி விரிஞ்சு கிடக்கும், ஆனா கடைசில ஒரு பட்டை நாரா சுருங்கி மேல்கை எலும்புல போய் ஒட்டுது. பார் நெஞ்சுக்கிட்ட இறங்கும்போது அந்த நார் முழுசா இழுபட்டு நிக்கும், குறிப்பா கீழ் பகுதி, அதுக்கு மேல வெயிட்டும். அதான் முக்காவாசி பேருக்கு தூக்கும்போது இல்ல, இறக்கும்போதுதான் கிழியுது. இது ஒண்ணும் ஜிம் வந்தப்புறம் வந்த வியாதியும் இல்ல, 1822லயே பிரான்ஸ்ல ஒரு கசாப்புக் கடைப் பையன் கொக்கில தொங்குன கனமான மாட்டுக்கறியை இறக்கப் போய் கிழிச்சுக்கிட்டதா மருத்துவக் குறிப்பு இருக்கு. மசில் ஏத்துறதுக்காக ஸ்டீராய்டு சைக்கிள் (சில வாரம் தொடர்ந்து) போடுறவங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி, மசில் மளமளன்னு ஏறும், நாரு அந்த வேகத்துக்கு பலப்படாது. அதை விக்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

எனக்கு மூணாவது நாள் குளிக்கும்போதுதான் பாத்தேன், அக்குள்ல ஆரம்பிச்சு உள்கை வரைக்கும் கருநீலம், ஓரமெல்லாம் மஞ்சள். வலி என்னவோ கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, அதனால இன்னும் ஒரு வாரம் ஓட்டிட்டேன், வண்டியை ஸ்டாண்ட் போட முடியலங்கறப்போதான் எலும்பு டாக்டர்ட்ட போனேன். அவர் சட்டையைக் கழட்டச் சொல்லிட்டு "எங்க, வணக்கம் வைங்க"ன்னார். மரியாதை கேக்குறார் போலன்னு கையைக் கூப்பி "வணக்கம் சார்"னேன், சிரிச்சிட்டு "கையை ஒண்ணோட ஒண்ணு நல்லா அழுத்துங்க"ன்னார். அதுதான் டெஸ்ட். நீங்களும் கண்ணாடி முன்னாடி நின்னு மெதுவா பண்ணிப் பாருங்க. நல்ல பக்கத்துல அக்குளோட முன் மடிப்பு கயிறு மாதிரி விறைச்சு நிக்கும். அடிபட்ட பக்கம் அந்த மடிப்பு மெலிஞ்சோ காணாமலோ போயிருந்தா, சதை நடு நெஞ்சுப் பக்கமா பந்து மாதிரி சுருண்டிருந்தா, காம்பு ஒரு பக்கம் இறங்கித் தெரிஞ்சா, நாரு எலும்புல இருந்து பிச்சுக்கிட்டிருக்க வாய்ப்பு இருக்கு. டெஸ்ட் நார்மலா தெரிஞ்சாலும், அடிபட்டப்போ 'டப்'னு சத்தம் கேட்டிருந்தா, கையில கருநீலம் இறங்கியிருந்தா, தள்ளுற வேலைக்கு பலமே இல்லைன்னா அந்த வாரமே எலும்பு டாக்டர்ட்ட போயிடுங்க, ஸ்போர்ட்ஸ் அடி பாக்கிறவரா இருந்தா இன்னும் நல்லது.

அவசரப்படுத்துறதுக்குக் காரணம் இருக்கு. முழுசா பிச்சுக்கிட்ட நாரை முதல் சில வாரத்துக்குள்ள திரும்ப எலும்புல தைக்கிறது சுலபம், மாசக்கணக்குல விட்டா அது உள்ள இழுத்துக்கிட்டு தழும்பு கட்டிடும், அப்புறம் வேற இடத்துல இருந்து நார் எடுத்து ஒட்டுற அளவுக்குப் போகும். எக்ஸ்ரே நார்மல்னு சொன்னா நிம்மதியாகாதீங்க, எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், நார் தெரியாது. எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தா ஸ்கேன் சென்டர்ல "தோள் மட்டும் இல்ல, நெஞ்சு மசில் கையில ஒட்டுற இடமும் வரணும்"னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, வழக்கமான தோள் ஸ்கேன்ல அந்த இடம் விட்டுப் போகலாம், காசும் போயி கதையும் தெரியாது.

ஆபரேஷன்னா கை நாலுல இருந்து ஆறு வாரம் தூளியில, ஹெவி பெஞ்ச் பத்திப் பேசவே ஆறு மாசம் ஆகும். 2007 அக்டோபர்ல நெஞ்சு நார் கிழிஞ்ச WWE மல்யுத்த வீரர் ஜான் சீனா அடுத்த ஜனவரி ராயல் ரம்பிள்ல வந்து நின்னதை டிவில பாத்து நாம எல்லாம் கத்தியிருக்கோம், ஆனா அவருக்கு மறுநாள் காலையில ஆபீஸ் லேப்டாப் பையைத் தூக்கிட்டு பஸ் ஏற வேண்டிய அவசியம் இல்ல.

எனக்கு பாதிக் கிழிசல்தான், ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் நான் போன ரூட்டைச் சொல்றேன், நீங்க உங்க பிசியோவைக் கேட்டுட்டு வேகத்தை வச்சுக்கோங்க. முதல்ல அதே வணக்கம், லேசா அழுத்தி பத்து செகண்ட். அப்புறம் சுவத்துல புஷ்-அப், அடுத்து சமையல் மேடை உயரத்துல, அப்புறம்தான் தரை. அது சுலபமானதும் தரையில படுத்து டம்பெல் பிரஸ், இதுல முழங்கை தரையில இடிச்சு நின்னுடும், மசில் ஓவரா இழுபடாது, எனக்கு ரொம்ப உதவுனது இதுதான். கடைசியா பெஞ்சு, வெறும் 20 கிலோ பார். ஒவ்வொரு படிக்கும் ஒரே சோதனை: பண்ணும்போது வலி பத்துக்கு மூணைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலையில கூடியிருக்கக்கூடாது. கூடியிருந்தா ஒரு படி கீழ. லேசான இழுப்புன்னா ரெண்டு மூணு வாரத்துல இந்த ரூட் முடிஞ்சிடும், என்னை மாதிரின்னா மாசக்கணக்கு. அதுவரைக்கும் கால் பயிற்சி போடலாமே, பாதி பேருக்கு அதுதான் பாக்கி.

திரும்ப பெஞ்சுக்கு வரும்போது ரெண்டு முழங்கையையும் கூட்டல் குறி மாதிரி விரிக்காம அம்புக்குறி மாதிரி கொஞ்சம் உடம்போட சேத்து வைங்க, பிடி தோள் அகலத்துல ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டாம், பாரை நெஞ்சுல மோதி எகிற விடாதீங்க, இறக்கும்போது நிதானம். பின்னாடி நிக்கிறவன் கையில ஃபோன் இருந்தா அவன் ஸ்பாட்டர் இல்ல, பார்வையாளர்.

நான் இப்ப 60 கிலோல இருக்கேன், வெறும் பார்ல ரெண்டு செட் 15 ரெப் போட்டுட்டுதான் பிளேட்டையே தொடுறேன். டிப்ஸ் பக்கம் இன்னும் போகல.