மோட்டார்ஹோம் சாமான் அறைகள்: பாதுகாப்புக்கென்று செய்து ஆபத்தில் முடியும் வேலைகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி, வாங்குகிறவர்களில் பலர் சீக்கிரமே டிரில்லைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் சாமான் அறைகளில்தான் வேலை தொடங்கும். கதவு தானாக நிற்பதில்லை, உள்ளே வெளிச்சம் போதவில்லை, எலி ஏறுகிறது. எல்லாம் நியாயமான குறைகள்தான், சரிசெய்ய வேண்டியவையும்கூட. ஆனால் தயாரித்தவர்கள் விட்டுவைத்த ஓட்டைக்கும் இடைவெளிக்கும் பல நேரம் ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கைவைப்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

இருப்பதிலேயே மோசமான தவறு, கேஸ் அறையின் ஓட்டையை அடைப்பது. புரொப்பேன் சிலிண்டர் வைக்கும் அறையின் அடியிலோ கதவின் கீழ்ப்பகுதியிலோ வெளியே திறக்கும் வழி ஒன்று இருக்கும். சேறு தெறிக்கிறது, எலி வருகிறது என்று சொல்லி அதில் ஃபோம் அடித்துவிடுகிறார்கள். புரொப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீரைப் போலத் தாழ்வான இடம் தேடி இறங்கும். அடியில் வழி இருந்தால் வண்டிக்கு வெளியே போய்விடும். வழி இல்லையென்றால் அங்கேயே தேங்கி, கிடைக்கிற சிறு இடுக்கு வழியாக நீங்கள் தூங்கும் பகுதிக்குள் நுழையும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு ஸ்விட்சின் பொறி போதும். எலிதான் தொல்லை என்றால் அந்த ஓட்டையின்மேல் துருப்பிடிக்காத கம்பி வலையைப் பொருத்துங்கள், காற்றோட்டம் குறையாத அளவுக்குக் கண் பெரிய வலையாக.

இதே அறையில் தலைகீழான தவறும் நடக்கிறது. சிலிண்டர் அறைக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள சுவர் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். விளக்குக்கு ஒயர் இழுக்க அதில் துளை போட்டால், கேஸுக்கு நாமே கதவு திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். சிலிண்டர் அறைக்கு மின்விளக்கே வேண்டாம், கையில் டார்ச் இருந்தால் போதும். பேட்டரியையும் அதில் கொண்டுபோய் வைக்காதீர்கள். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அது காற்றைவிட லேசானது என்பதால் அதற்குக் காற்று வழி மேலே இருக்க வேண்டும், கேஸுக்கோ கீழே. வண்டிக்குள் தரையை ஒட்டிப் பொருத்தியிருக்கும் கேஸ் டிடெக்டரை மறைத்துப் பெட்டி அடுக்குவதும் இதே வகைத் தவறுதான்.

அடுத்தது கதவு. மேல்நோக்கித் திறக்கும் கனமான கதவு தலையில் விழுந்து அடிபட்டவர்கள் உண்டு. அதனால் கேஸ் ஸ்ட்ரட், அதாவது அழுத்தமான வாயு அடைத்த குழாயிலிருந்து தண்டு நீண்டு கதவைத் தூக்கிப் பிடிக்கும் கருவி, போடுவது நல்ல வேலைதான். ஆனால் 'பலமாக இருக்கட்டும்' என்று தேவைக்கு மேல் விசையுள்ளதை வாங்கிவிடுகிறார்கள். கதவு மூடியிருக்கும்போது ஸ்ட்ரட்டின் தள்ளுவிசை போய்விடுவதில்லை. பொருத்திய கோணத்தைப் பொறுத்து, அது கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மெல்லிய அலுமினியத் தகடும் நடுவே ஃபோமும் கொண்ட கதவு நாளடைவில் வளையும். தாழ்ப்பாள் தேயும். நெடுஞ்சாலையில் ஒரு குலுக்கலில் கதவு திறந்துகொள்ளும். விசை நியூட்டன் கணக்கில் ஸ்ட்ரட்டின் உடலிலேயே அச்சிட்டிருக்கும், கதவின் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தையும் மறக்க வேண்டாம். 20 டிகிரி செல்சியஸில் சரியாகத் தூக்கிப் பிடித்த ஸ்ட்ரட், மைனஸ் 20 டிகிரியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு விசையை இழந்திருக்கும். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினால் உள்ளே இருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் தடுக்கும் அடைப்பு வளையத்தை (சீல்) நனைத்துக்கொண்டிருக்கும், ஸ்ட்ரட்டும் நீண்ட நாள் உழைக்கும். ஸ்க்ரூவை நேராக ஃபோமில் ஏற்றாமல் பின்னால் ஒரு உலோகத் தகடு கொடுங்கள்.

துளை போடும் முன் மறுபக்கம் போய்ப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, கேஸ் குழாய், ஒயர் எது வேண்டுமானாலும் ஓடலாம். சரி, எல்இடி விளக்கு 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று ஃப்யூஸ் போடாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஷாக் அடிக்காதுதான், தீப்பிடிக்கும். ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், மெல்லிய ஒயர் சிவக்கப் பழுத்துவிடும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், விளக்கை அல்ல. ஆகவே அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உலோகத் துளை வழியாக ஒயர் போனால் ரப்பர் வளையம் கட்டாயம். மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ட்டர், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் இருக்கும் மூலையில் புது அலமாரி அடித்து, அவற்றின் விசிறிக்கு எதிரே போர்வையைத் திணிக்காதீர்கள்.

உள்ளே தலைக்கு மேல் இருக்கும் அலமாரிகளுக்குக் காந்தத் தாழ்ப்பாள் மட்டும் போதாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதினால், அலமாரியிலிருந்து கிளம்பும் பொருள் 25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் பறக்கும். அது ஒரு இரும்புச் சட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அழுத்தினால்தான் திறக்கும் கொண்டி போடுங்கள், கனமானவற்றைத் தரையோடு வையுங்கள்.

கடைசியாகப் பூட்டு. அமெரிக்க மோட்டார்ஹோம்களில் ஏராளமான சாமான் அறைகளுக்கு சிஎச்751 என்ற ஒரே வகைச் சாவிதான். உங்கள் சாவியே பக்கத்து வண்டியையும் திறக்கும். பூட்டுகளை மாற்றுவது நல்லதே. கேஸ் அறையை மட்டும் பூட்டாமல் விடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் கேஸ் வாடை வந்தால், பக்கத்தில் இருப்பவர் ஓடிவந்து வால்வை மூட முடிய வேண்டும்.