வீட்டு அண்டாவ கதைக்குள்ள கொண்டு வர்றது எப்படி

சொந்த வாழ்க்கையில நடந்தத கதையா எழுத உக்கார்றவங்க நிறைய பேரு ஒரே இடத்துல தான் மாட்டிக்கிறாங்க. சம்பவம் இருக்கு, வலி இருக்கு, ஆனா எழுதி முடிச்சுப் பாத்தா டைரி மாதிரி இருக்கு. உடனே இத இலக்கியமா ஆக்கணுமேன்னு ஒரு கூண்டுக் கிளி, ஒரு பட்டுப்போன மரம், கடைசிப் பக்கத்துல கொஞ்சம் மழைன்னு கொண்டு வந்து சொருகிடுறாங்க. சொருகினது படிக்கிறவங்களுக்கு அப்பட்டமா தெரியும். குறியீடுங்கறது, அதாவது தன்னத் தாண்டி வேற ஒண்ணையும் உணர்த்தற பொருள், கதைக்குள்ள ஏற்கெனவே வேலை பாத்துட்டு இருக்கற ஒரு பொருள்லேருந்து தான் வரணும், அத எப்படி கண்டுபிடிக்கறது, எப்படி கெடுக்காம வச்சுக்கறதுன்னு நான் எழுதி எழுதி கிழிச்சு கத்துக்கிட்டத சொல்றேன்.

முதல்ல அர்த்தத்த விட்டுடுங்க. அந்த சம்பவத்த நினைச்சதும் கண்ணுல வர்ற பொருளையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க, துக்கம் ஏமாற்றம் இந்த மாதிரி வார்த்தை ஒண்ணு கூட வேண்டாம், கையால தொடக்கூடியது மட்டும். எங்க வீட்டுல கஷ்டமா இருந்த வருஷங்களப் பத்தி எழுதலாம்னு உக்காந்தப்ப எனக்கு வந்தது தகரப் பெட்டி, அப்பாவோட செயின் கழண்ட சைக்கிள், அரிசிப் பானைக்குள்ள கெடந்த ஆழாக்கு, அப்புறம் ஒரு பித்தளை அண்டா. அந்த அண்டா ஒவ்வொரு ஜூன் மாசமும் ஸ்கூல் ஃபீஸுக்காக அடகுக் கடைக்குப் போகும், அறுப்பு முடிஞ்சு தை மாசம் திரும்பி வரும், நடுவுல ஆறேழு மாசம் அடுப்படி மூலையில அது இருந்த எடத்துல தரையில வட்டமா ஒரு தடம் மட்டும் இருக்கும்.

அந்த லிஸ்ட்ல எத எடுக்கறது? எந்தப் பொருள் கை மாறுதோ, எடம் மாறுதோ, உங்க கதையில இருக்கறவங்க எதுக்காக ஓடுறாங்களோ அத எடுங்க. சைக்கிள் அழகா தான் இருந்துச்சு, ஆனா சுவத்துல சாஞ்சு நிக்கறதத் தவிர அது ஒண்ணும் பண்ணல. அண்டா போகுது, வருது, அது இல்லாதப்ப அம்மா நாலு குடத்துல தண்ணி புடிச்சு வைக்கிறாங்க, தண்ணிக்கு ரெண்டு நடை கூட போக வேண்டியிருக்கு. அதாவது கதைய அது தள்ளுது.

இது நம்ம ஆளுங்களுக்கு ரெண்டாயிரம் வருஷமா கை வந்த விஷயம். குறுந்தொகை 25, கபிலர் பாட்டு, அஞ்சே வரி. காதலன் என்னைச் சேந்த அன்னைக்கு அங்க யாருமே இல்ல, அவனே பொய் சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு பொண்ணு கேக்குறா, அப்புறம் தான் ஞாபகம் வர்ற மாதிரி சொல்றா, தினைத்தாள் மாதிரி மெல்லிசா பசுங்கால் வச்ச ஒரு குருகு, கொக்கு மாதிரி ஒரு பறவை, அங்க இருந்துச்சு, ஓடுற தண்ணியில ஆரல் மீனப் பாத்துக்கிட்டு. அவ்ளோ தான். குருகு தனிமையோட சின்னம்னு கபிலர் ஒரு வார்த்தை சொல்லல. ஆத்துல குருகு நிக்கறது சகஜம், மீன் புடிக்கறது அதோட பொழப்பு, இருந்த ஒரே சாட்சிக்கும் கண்ணு மீன் மேல தான். அந்தக் காலோட நிறத்த அவ இன்னும் மறக்கலங்கறதுல அவ எவ்ளோ பயந்து போயிருக்கான்னு நமக்குத் தெரிஞ்சிடுது. நான் மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பாட்ட எடுத்துப் படிப்பேன். அசோகமித்திரனோட தண்ணீர் நாவல்லயும் அப்படித்தான், அதுல தண்ணி முதல்ல குடிக்கிற தண்ணி, குடத்தோட தெருத் தெருவா அலையற தண்ணி, அதுக்கப்புறம் தான் மத்த எல்லாம்.

உருவகக் கதை வேற சமாச்சாரம், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. குறியீடுல ஒரு பொருள் பல பக்கம் அர்த்தம் குடுக்கும், உருவகக் கதையில ஒவ்வொண்ணுக்கும் வெளிய ஒரு ஜோடி இருக்கும், இந்தப் பன்னி இந்தத் தலைவர்ங்கற மாதிரி. ஒரு அமைப்பு, ஒரு ஆட்சி, அதிகாரம் எப்படி வேலை செய்யுதுன்னு முழுசா காட்டணும்னா இது உதவும், குடும்பத்துக்குள்ள நடந்த விஷயத்துக்கு பெரும்பாலும் ஒத்து வராது. ஆனா இதுக்கும் விதை சொந்த அனுபவம் தான். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல சண்டை போடப் போயி 1937ல தொண்டையில குண்டு வாங்கினவரு, கூட இருந்தவங்கள சோவியத் ஆதரவு ஆளுங்களே வேட்டையாடினதப் பாத்துட்டு உயிர் தப்பி வந்தவரு. அப்புறம் ஒரு கிராமத்துல பத்து வயசுப் பையன் ஒரு பெரிய வண்டிக் குதிரைய சாட்டையால அடிச்சு ஓட்டிட்டுப் போறதப் பாத்தாரு, இந்த மிருகங்களுக்கு மட்டும் அதுங்க பலம் தெரிஞ்சா நாம என்ன ஆவோம்னு தோணினதா அவரே எழுதியிருக்காரு. ரஷ்யப் புரட்சிக்கு அப்புறம் நடந்தத பண்ணை மிருகங்கள வச்சு சொல்ற அவரோட விலங்குப் பண்ணை நாவல், 1945ல வந்தது, அங்கேருந்து தான் முளைச்சுது. ரஷ்யா பத்தி எதுவும் தெரியாத பிள்ளை கூட அதுல உழைச்சு ஓஞ்சு போன பாக்ஸர்ங்கற குதிரைய கொல்றதுக்கு வண்டியில ஏத்திட்டுப் போறப்ப அழும். அந்த மேல் கதை தனியா நிக்கணும், சாவி இருந்தா தான் கதவு தெறக்கும்னா யாரும் உள்ள வர மாட்டாங்க.

சரி, பொருள் கெடச்சாச்சு, இனிமே அத விளக்காம இருக்கணும், இங்க தான் பெரும்பாலான டிராஃப்ட் செத்துப் போகுது. என்னோட முதல் டிராஃப்ட்ல "அந்த அண்டா தான் எங்க குடும்ப மானம்"னு ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரியால அதுக்கு முன்னாடி எழுதின ரெண்டு பக்கமும் வீணாச்சு. எழுத்தாளர் காஃப்கா, ஒருத்தன் காலையில பூச்சியா மாறி எழுந்திருக்கற தன்னோட உருமாற்றம் கதை 1915ல புத்தகமா வரும்போது அட்டையில அந்தப் பூச்சிய வரையவே கூடாது, தூரத்துலேருந்து கூட காட்டக் கூடாதுன்னு பதிப்பகத்துக்கு எழுதினாரு. வரைஞ்சிட்டா அது வெறும் பூச்சி. அதே கதையில அப்பா எறியற ஆப்பிள் பூச்சியான மகனோட முதுகுல பதிஞ்சு அங்கயே அழுகிட்டு கெடக்கும், காஃப்காவுக்கும் அவரோட அப்பாவுக்கும் இருந்த உரசல அவரு கதையில விளக்கல, அந்த ஆப்பிள முதுகுலேருந்து எடுக்காம விட்டாரு. அதனால எழுதி முடிச்சதும் "மாதிரி", "போல", "தான் எங்களோட", இதெல்லாம் வர்ற வரிகள தேடிப் பாருங்க, அதுல பாதிய அடிச்சாலும் கதைக்கு ஒண்ணும் ஆகாது.

அடுத்தது நடந்ததையும் கதையையும் பிரிக்கறது. நடந்தது இது: அடகுக் கடையில அண்டாவோட அடியில பெயிண்ட்ல ஒரு நம்பர் எழுதுவாங்க, திருப்பி வந்ததும் அம்மா புளியும் சாம்பலும் போட்டு தேய் தேய்னு தேய்ப்பாங்க, முழுசா போகாது. ஒரு கல்யாணத்துக்கு சொந்தக்காரங்க அந்த அண்டாவ கேட்டு வாங்கிட்டுப் போனாங்க, அவ்ளோ தான், ஒண்ணும் நடக்கல, அம்மா மட்டும் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. கதையில நான் மாத்தினேன். கழுவின அண்டாவ கல்யாண வீட்டு முற்றத்துல கவுத்துப் போட்டிருக்காங்க, நம்பர் வெயில்ல பளிச்சுன்னு தெரியுது, பெரியம்மா வர்றாங்க, பாக்கறாங்க, எதுவும் பேசாம காய வைக்க எடுத்துட்டு வந்த ஈரத் துணிய அது மேல விரிச்சுட்டுப் போயிடுறாங்க. நடக்காத ஒண்ணு, ஆனா அம்மா அந்த ரெண்டு நாள் பயந்தது அதுக்குத் தான். பயத்த அப்படியே வச்சுக்கிட்டு சம்பவத்த மாத்தலாம், தாராளமா மாத்தலாம். சம்பவத்த அப்படியே வச்சுக்கிட்டு பயத்த ஊதிப் பெருசாக்கினா தான் பொய்யாத் தெரியும்.

பொருள எத்தன தடவ காட்டணும்னு கேட்டா, சிறுகதைக்கு மூணு தடவ போதும்பேன், ஒவ்வொரு தடவையும் அது வேற நிலைமையில இருக்கணும். எனக்கு தரையில தடம், தேய்க்கிற கை, ஈரத் துணி.

கடைசியா, கதைய யாருக்காவது குடுத்தா என்ன புரிஞ்சுதுன்னு கேக்காதீங்க, என்ன ஞாபகம் இருக்குன்னு கேளுங்க. அந்தப் பொருள அவங்களா சொன்னா சரியா வந்திருக்கு. வீட்டு விஷயமா இருந்தா வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கறவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க, அது அவங்களுக்கு நாம குடுக்கற மரியாதை. நான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். துணி விரிக்கிற எடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் நம்பர் செவப்பு பெயிண்ட் இல்லப்பா, நீலம்னாங்க. நீலம்னு மாத்தி அனுப்பினேன்.