மாசியில் வரும் ரீஃபண்டு: வேலூர்ப் பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்தவர்களுக்கு

காட்பாடியில் ரயிலேறிக் கிளம்பி, இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வீடு பார்ப்பது, லைசென்ஸ் எடுப்பது பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வருமான வரி கட்டியது போக மீதி திரும்பி வரும் ரீஃபண்டு பணத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 31-க்குள் வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தைக் கம்பெனி தந்துவிடும். வரிக் கணக்கை ஏப்ரல் 15-க்குள் கொடுக்க வேண்டும். முதல் வருடம் போட வேண்டியது குடியிருப்பவருக்கான 1040 படிவமா, குடியிருப்பவராகக் கணக்காகாதவருக்கான 1040-என்ஆர் படிவமா என்பது உங்கள் விசாவையும் இங்கே தங்கிய நாள் கணக்கையும் பொறுத்தது. விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆன்லைனில் போட்டால் பெரும்பாலும் 21 நாளில் பணம் வங்கிக்கு வந்துவிடும். சமீப வருடங்களில் சராசரியாக ஆளுக்கு 3,000 டாலர் அளவுக்கு வருகிறது.

லாட்டரி விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் அது உங்கள் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த பணம். வட்டியில்லாமல் திரும்பி வருகிறது. ஊரில் சீட்டுக் கட்டினாலாவது தள்ளுப் பணத்தில் ஒரு பங்கு கிடைக்கும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் தீபாவளி போனஸ் போட்டதும் வேலூர் லாங் பஜார் எப்படி நிரம்பும்? இங்கே அந்தக் கூட்டம் பிப்ரவரி, மார்ச்சில். கார், சோபா, டிவி விற்பவர்களுக்கு உங்கள் ரீஃபண்டு எப்போது வரும் என்று நன்றாகத் தெரியும். என் முதல் ரீஃபண்டு வந்த வாரமே பழைய கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். அதே மாதிரி கார் ஆடி மாதத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று பிறகு பார்த்தபோது மனசு வலித்தது.

இது நம் ஆட்களின் பழக்கம் மட்டுமில்லை. 2001-ல் அமெரிக்க அரசு 300, 600 டாலர் என்று வரித் தள்ளுபடிக் காசோலை அனுப்பியது. வந்த மூன்று மாதத்துக்குள் அதில் 20 முதல் 40 சதவீதம் அன்றாடச் செலவிலேயே கரைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சேமிப்பு இல்லாத வீடுகளில் இன்னும் அதிகம்.

சந்தையிலும் இதன் அலை தெரியும். பிப்ரவரியில் ரீஃபண்டாகப் பணம் வெளியே போவதால் அரசு கூடுதலாகக் குறுகியகாலக் கடன் பத்திரம் விற்கும். ஏப்ரலில் வரி வந்து சேர்ந்ததும் அதைக் குறைக்கும். முந்தைய வருடக் கணக்கில் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போட ஏப்ரல் 15 வரை நேரம் இருப்பதால் கொஞ்சம் பணம் பங்குகளுக்கும் போகும். அதற்காக, ரீஃபண்டு சீசனில் பங்கு ஏறும் என்று நம்பி இறங்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த தேதியில் யாருக்கும் தனி லாபம் இல்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தப் பணத்தை யோசிக்காமல் இந்திய மியூச்சுவல் ஃபண்டில் போடாதீர்கள். அமெரிக்க வரிக்கு அது பிஎஃப்ஐசி என்ற வெளிநாட்டு முதலீட்டு வகை; ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 படிவம், கடுமையான வரி. வெளிநாடு வாழ் இந்தியர் ஊர் வங்கியில் போடும் என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, ஆனால் இங்கே குடியிருப்பவராகக் கணக்கானால் உண்டு. ஊர்க் கணக்குகளெல்லாம் சேர்ந்து எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை தனியாகக் கொடுக்க வேண்டும்.

முதலில் கிரெடிட் கார்டு கடனை அடைத்துவிடுங்கள். பிறகு சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று ஆபீஸுக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்தி, பிடித்தத்தைச் சரியாக வையுங்கள். நான் திருத்திய பிறகு ரீஃபண்டு 200 டாலரைத் தாண்டுவதில்லை. மாதாமாதம் கையில் கூடுதலாக வரும் பணம்தான் இப்போது குடியாத்தத்தில் அம்மாவின் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்கிறது.