நாச்சியார்கோயில் பித்தளை மின்விளக்கை வெளிநாட்டுக்கு அனுப்பப் பாதுகாப்புச் சான்று பெறுவது எப்படி?

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் வார்க்கப்படும் பித்தளைக் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. எண்ணெய் ஊற்றி ஏற்றும் விளக்காக அது கடல் கடந்து போவதற்குப் பெரிய தடை ஒன்றும் இல்லை. அதே அடியையும் தண்டையும் வைத்துக்கொண்டு, உள்ளே வயர் இழுத்து, மேலே பல்பு ஹோல்டர் பொருத்தி மேசை விளக்காக மாற்றிவிட்டால், வாங்கும் நாட்டுச் சட்டத்தின் பார்வையில் அது மின்சாதனம். மின்சாதனம் என்றால் அது யாரையும் ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதை அனுப்புகிறவர் எழுத்து மூலம் நிரூபிக்க வேண்டும். காவிரிப் படுகையில் இப்படிப்பட்ட விளக்குகளைச் செய்து, முதன்முறையாக வெளிநாட்டு ஆர்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் சிறு பட்டறைக்காரர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சான்று ஆய்வுக்கூடத்தில் கிடைப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் எந்த வயர், எந்த ஹோல்டர், எர்த் எங்கே என்று பட்டறையில் தீர்மானிக்கும் அன்றே தேர்ச்சியும் தோல்வியும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. ஆய்வுக்கூடம் அதை அளந்து எழுதிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

முதல் படி: எந்த நாடு என்று முடிவு செய்யுங்கள்

உலகம் முழுவதற்கும் செல்லுபடியாகும் ஒரே சான்று என்று எதுவும் இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் சி.இ. முத்திரை வேண்டும். மேசை விளக்கைப் பொறுத்தவரை இதை எந்த அரசு அலுவலகமும் வழங்குவதில்லை; உரிய சோதனைகளைச் செய்து, ஆவணங்களைத் திரட்டி, தயாரிப்பாளராகிய நீங்களே கையொப்பமிட்டு அறிவிக்க வேண்டியது அது. ஆகவே, சோதனை எதுவும் இல்லாமல் சில நாட்களில் சி.இ. சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தத் தாள் அழகாக இருக்கும். அங்குள்ள சந்தைக் கண்காணிப்பு அதிகாரி சோதனை அறிக்கையைக் கேட்கும்போது அதற்கு மதிப்பு இராது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். அரசால் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடம் ஒன்றின் முத்திரை, அதாவது யு.எல். அல்லது ஈ.டி.எல். போன்றது இல்லாமல், பெரிய கடைகள் விளக்கை வாங்க முன்வருவதில்லை. மேசை விளக்குக்கு அங்கே யு.எல். 153 என்ற தரநிலை பொருந்தும். சிங்கப்பூரில் மேசை விளக்கு கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருப்பதால், அங்குள்ள விற்பனையாளர் அதைப் பதிவு செய்து பாதுகாப்பு முத்திரை ஒட்ட வேண்டும். வளைகுடா நாடுகளில் குறைந்த மின்னழுத்தச் சாதனங்களுக்கென ஜி முத்திரை முறை நடைமுறையில் உள்ளது. ஆகவே, ஆர்டர் கொடுத்தவரிடம் எந்த நாட்டில், யார் பெயரில் இறக்குமதி ஆகிறது என்பதை எழுத்து மூலம் வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டு மூன்று நாடுகளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் சி.பி. முறையைக் கேட்டறிவது நல்லது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) கீழ் இயங்கும் இம்முறையில், ஓர் உறுப்பு நாட்டில் எடுத்த சோதனை அறிக்கையை மற்ற உறுப்பு நாடுகளின் சான்று அமைப்புகள் ஏற்று, முழுச் சோதனையையும் திரும்பச் செய்யாமல் தங்கள் சான்றை வழங்குகின்றன. இந்தியாவும் இதில் உறுப்பு நாடு. விண்ணப்பத்திலேயே எந்தெந்த நாடுகளின் தனி வேறுபாடுகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று குறிப்பிட்டுவிட்டால் பின்னால் இரட்டைச் செலவு வராது.

இரண்டாம் படி: விளக்கின் வகுப்பைத் தீர்மானியுங்கள்

மின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் முறையை வைத்து விளக்குகளை வகுப்பு 1, வகுப்பு 2, வகுப்பு 3 என்று பிரிக்கிறார்கள். உடல் உலோகமாக இருந்து, தொடக்கூடிய பகுதிகள் எல்லாம் எர்த்துடன் இணைக்கப்பட்டிருந்தால் அது வகுப்பு 1. எர்த் இல்லாமல் இரட்டைக் காப்பை, அதாவது இரண்டு அடுக்கு இன்சுலேஷனை நம்பியிருப்பது வகுப்பு 2; அதன் அடையாளம் சதுரத்துக்குள் சதுரம். பாதுகாப்பான மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் மட்டும் இயங்குவது வகுப்பு 3.

நம் ஊர்ச் சந்தையில் விற்கும் பித்தளை விளக்குகள் பலவற்றில் இரண்டு கம்பி வயரும் டூ பின் பிளக்கும்தான் இருக்கின்றன. உலோக உடலுக்கு எர்த்தும் இல்லை, இரட்டைக் காப்பும் இல்லை. இது இந்த மூன்று வகுப்புகளில் எதிலும் அடங்காது. ஐரோப்பாவில் இதை ஏற்கவே மாட்டார்கள். அமெரிக்காவில் இரண்டு கம்பி விளக்கு உண்டு என்றாலும், அங்கே பிளக்கின் ஒரு தகடு அகலமாக இருக்க வேண்டும், அந்த அகலத் தகட்டிலிருந்து வரும் நியூட்ரல் கம்பி ஹோல்டரின் மரைக் கூட்டில் சேர வேண்டும் என்பன போன்ற தனி விதிகள் இருக்கின்றன.

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வகுப்பு 3. ஏற்கெனவே சான்று பெற்ற 12 வோல்ட் டி.சி. அடாப்டரை அந்தந்த நாட்டுப் பிளக்குடன் வாங்கிக்கொண்டு, விளக்கில் எல்.இ.டி. மட்டும் பொருத்தினால், 230 வோல்ட் உங்கள் பித்தளைக்கு அருகிலேயே வராது. ஐரோப்பாவின் குறைந்த மின்னழுத்த விதி 50 வோல்ட் ஏ.சி.க்கும் 75 வோல்ட் டி.சி.க்கும் மேலேதான் தொடங்குகிறது என்பதால் அந்தச் சுமை பெரும்பாலும் அடாப்டர் தயாரிப்பாளரின் தலையில் இருக்கும். மின்காந்த இடையூறு, நச்சுப்பொருள் கட்டுப்பாடு ஆகிய விதிகள் அப்போதும் உங்களுக்கு உண்டு. வாங்குபவர் தம் நாட்டுச் சாதாரண பல்பைத்தான் மாட்டுவேன் என்று கேட்டால் மட்டும் வகுப்பு 1-க்குப் போங்கள். அதில்தான் வேலை அதிகம்.

மூன்றாம் படி: வகுப்பு 1 என்றால் எர்த் தொடர்பைச் சரிசெய்யுங்கள்

குத்துவிளக்கு ஒரே வார்ப்பு அன்று. அடி, தண்டு, தட்டு, மேலே உள்ள அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டு ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகப்படுகின்றன. பட்டறையில் ஒரு மூத்த பத்தர் என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, மரை இறுகிக் கெடக்கு, பித்தளையும் பித்தளையும் ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு, ஒரு எடத்துல எர்த் குடுத்தா போதாதா?” நியாயமான கேள்வி. மல்டிமீட்டரின் ஒரு முனையை அடியிலும் மறுமுனையைத் தட்டிலும் வைத்துக் காட்டினேன், தொடர்பே காட்டவில்லை. காரணம், பளபளப்பு மங்காமல் இருக்க அடித்திருந்த லாக்கர் மரைக்குள்ளும் இறங்கி உலர்ந்திருந்தது. லாக்கர் மின்சாரத்தைக் கடத்தாது. கண்ணுக்கு ஒரே உலோகமாகத் தெரிந்த விளக்கு மின்சாரத்துக்கு இரண்டு துண்டாக இருந்தது.

தீர்வு எளிது, ஆனால் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். லாக்கர் அடிக்கும் முன் மரைகளையும் அவை அமரும் தோள்பட்டையையும் டேப் சுற்றி மறைத்துவிடுங்கள். எர்த் கம்பியை அடியில் உள்ள வெற்று உலோகத்தில், தளராத வாஷருடன் தனித் திருகில் பிணையுங்கள். வேறு எந்தப் பாகத்தையும் பிடிக்கும் திருகை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். வாடிக்கையாளர் துடைப்பதற்காகக் கழற்றி மாட்டும் பாகம் இருந்தால், அதற்கு மரையை நம்பாமல் உள்ளே தனிக் கம்பி இழுப்பது பாதுகாப்பு. விளக்குகளுக்கான ஐ.இ.சி. 60598-1 தரநிலையின்படி, குறைந்தது 10 ஆம்பியர் செலுத்தி அளக்கும்போது எர்த் முனைக்கும் தொடக்கூடிய எந்த உலோகப் பகுதிக்கும் இடையே மின்தடை 0.5 ஓமைத் தாண்டக் கூடாது. சாதாரண மல்டிமீட்டரால் 10 ஆம்பியர் செலுத்த முடியாது. தொடர்பே இல்லாத குறையை அது காட்டிக்கொடுக்கும். தேர்ச்சிக்கு எர்த் சோதனைக் கருவிதான் வேண்டும்.

வயர் நுழையும் துளையையும் இதே கவனத்தோடு பாருங்கள். கடைசலில் துளைத்த பித்தளையின் விளிம்பு கத்திபோல இருக்கும். அதை அரம் கொண்டு மழுக்கி, வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிரோமெட்) பொருத்தி, உள்ளே வயரை இறுகப் பிடிக்கும் கிளாம்பு ஒன்றையும் வைக்க வேண்டும். வயரில் முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளும் பழக்கத்தைச் சோதனையில் ஏற்க மாட்டார்கள். சோதனையில் வயரை 60 நியூட்டன் விசையுடன், அதாவது ஏறத்தாழ ஆறு கிலோ எடை தொங்கும் அளவுக்கு, 25 முறை இழுக்கிறார்கள். அதன் பிறகு வயர் 2 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கக் கூடாது. ஆறு கிலோ மணல் மூட்டையைக் கட்டி இதை நீங்களே பட்டறையில் செய்து பார்க்கலாம்.

நான்காம் படி: சான்று பெற்ற பாகங்களையே வாங்குங்கள்

வயர், பிளக், ஹோல்டர், சுவிட்சு ஆகிய நான்கும் செல்லும் நாட்டின் சான்று பெற்றவையாக இருந்தால் உங்கள் சோதனைச் செலவு பெரிதும் குறையும். இந்திய ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் உள்ள வயர் இங்கே நல்ல வயர்தான். ஆனால் ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ அது போதாது. ஐரோப்பாவுக்குத் திருகு வகை இ27 ஹோல்டர், அமெரிக்காவுக்கு அதைப் போலவே தோன்றும் ஆனால் வேறான இ26. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்கு உள்ளே ஃபியூஸ் உள்ள 13 ஆம்பியர் சதுரப் பின் பிளக். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், சான்று எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடம் முதலில் கேட்பதும் சான்றுடன் இணைவதும் இந்தப் பட்டியல்தான். கொடுக்கப்பட்ட சான்று எண் உண்மைதானா என்பதைச் சான்று அமைப்புகளின் இணையதளங்களிலேயே தேடிச் சரிபார்க்கலாம்.

ஐந்தாம் படி: பித்தளையில் ஈயம் எவ்வளவு?

மின் பாதுகாப்பில் எல்லாம் சரியாக இருந்தும் சரக்கு நின்றுபோகும் இடம் இது. ஐரோப்பாவின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டு விதி, மின்சாதனத்தின் எந்தவொரு சீரான பொருளிலும் எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஈயம் கூடாது என்கிறது. கடைசலுக்கு இணங்க வேண்டும் என்பதற்காகப் பித்தளையில் ஈயம் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம் என்பதால், செம்புக் கலவைகளுக்கு 4 விழுக்காடு வரை விலக்கு தரப்பட்டிருக்கிறது. இந்த விலக்கு காலவரையறைக்கு உட்பட்டது. அனுப்பும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாத்திரங்களையும் குழாய்களையும் உருக்கி வார்க்கும் பட்டறையில் ஒவ்வொரு உருக்கிலும் கலவை மாறும். எனவே ஏற்றுமதி ஆர்டருக்கென்று கலவைச் சான்றுடன் கூடிய உலோகக் கட்டிகளைத் தனியாக வாங்குவதும், அந்த உருக்கிலிருந்து ஒரு துண்டை எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனைக்கு அனுப்புவதும் என் உறுதியான பரிந்துரை. பற்றவைக்கும் சால்டர் கம்பியும் ஈயமற்ற வகையாக இருக்கட்டும்.

ஆறாம் படி: ஆய்வுக்கூடம்

சோதனைத் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளன. அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், ஐ.இ.சி. 60598-2-4 என்ற எடுத்துச்செல்லும் விளக்குகளுக்கான பகுதிக்கு அங்கீகாரம் உண்டா என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். விலைப்புள்ளி கேட்கும்போது வயரிங் படம், பாகப் பட்டியல், நான்கு பக்கமும் எடுத்த புகைப்படங்கள், அதிகபட்ச வாட் அளவு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால் பதில் தெளிவாக வரும்.

அங்கே விளக்கைச் சாய்தளத்தில் வைத்துக் கவிழ்கிறதா என்று பார்ப்பார்கள். கனமான அடி கொண்ட நம் விளக்குக்கு இது பெரும்பாலும் சாதகமே. நெடுநேரம் எரியவிட்டு ஒவ்வோர் இடத்தின் வெப்பத்தையும் அளப்பார்கள். பிறகு 91 முதல் 95 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் 48 மணி நேரம் வைத்து, காப்புத் தடையையும், 230 வோல்ட் வகுப்பு 1 விளக்காயின் 1,460 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்குகிறதா என்பதையும் சோதிப்பார்கள். அடியில் அட்டையோ, வார்னிஷ் அடிக்காத மரத்துண்டோ காப்பாக வைக்கப்பட்டிருந்தால் இந்தக் கட்டத்தில்தான் தோற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர் ஓட்டு வீட்டுச் சுவர் எப்படி ஈரம் குடிக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு, ஈரத்தை உறிஞ்சும் எதுவும் மின்சாரத்துக்கு அருகில் கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஒன்று சேர்த்த விளக்கை காப்புத் தடையை அளக்கும் மெகர் கருவியால் 500 வோல்ட்டில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வகுப்பு 1-க்கு 2 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

ஏழாம் படி: லேபிளும் ஆவணங்களும்

தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், மின்னழுத்தம், பல்பின் அதிகபட்ச வாட் ஆகியவை அழியாத லேபிளில் இருக்க வேண்டும். எழுத்து 2 மில்லிமீட்டருக்கும் குறியீடு 5 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது. முதலில் தண்ணீரிலும் பிறகு பெட்ரோலிய ஸ்பிரிட்டிலும் நனைத்த துணியால் தலா 15 விநாடி தேய்த்துச் சோதிப்பார்கள் என்பதால் சாதாரணக் காகித ஸ்டிக்கர் நிற்காது. பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்டுவது நம் பத்தர்களுக்கு இயல்பாக வரும் வேலை, அதையே செய்யுங்கள்.

சோதனை அறிக்கை, வரைபடங்கள், பாகப் பட்டியல், பயன்பாட்டுக் குறிப்பு, கையொப்பமிட்ட இணக்க அறிவிப்பு ஆகியவற்றைச் சேர்த்த கோப்பை, ஐரோப்பாவுக்கு அனுப்பினால் 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ஒருவர் பொறுப்பேற்பதும் கட்டாயம். பெரும்பாலும் இறக்குமதியாளரே அதை ஏற்பார், ஆனால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணையும், சரக்கு ஆவணத்தில் விளக்குகளுக்கான 9405 என்ற தலைப்பையும் உங்கள் சுங்க முகவர் பார்த்துக்கொள்வார். சான்றுச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் திட்டங்கள் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

எட்டாம் படி: ஒவ்வொரு விளக்கும் அந்த மாதிரியைப் போலவே

சான்று பெற்றது நீங்கள் அனுப்பிய மாதிரிக்கு. அதன் பிறகு கடையில் அந்த ஹோல்டர் தீர்ந்துவிட்டது என்பதற்காக வேறொன்றை மாட்டினால் சான்று பொருந்தாது. மாற்றத்தை முன்கூட்டியே ஆய்வுக்கூடத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அமெரிக்க முத்திரை என்றால் ஆய்வாளர்கள் ஆண்டில் சில முறை முன்னறிவிப்பின்றிப் பட்டறைக்கு வந்து பாகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே, ஏற்றுமதிப் பாகங்களுக்கு என்று தனி அலமாரி வையுங்கள். பெட்டியில் அடைக்கும் முன் ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் தொடர்பு, உயர் மின்னழுத்தத் தாங்குதிறன், எரிகிறதா என்ற மூன்றையும் பார்த்து, வரிசை எண்ணோடும் தேதியோடும் சோதித்தவரின் கையெழுத்தோடும் ஒரு நோட்டில் பதிந்து வாருங்கள்.