முயல் அடைப்பு: ஓட்டையே இல்லை, ஆனாலும் வெளியே வந்தது

முற்றத்தில் முயல்கள் ஓடி விளையாட ஒரு அடைப்பு செய்தேன். கடையில் விற்கிற மடக்குக் கூண்டின் விலை கட்டுப்படியாகவில்லை. ஆனால் விடிந்து பார்த்தால் அடைப்பு அப்படியே நிற்கும், முயல்கள் வாழைக்கன்றைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

முதலில் கட்டியது எங்கள் கடலோரக் குளச்சலில் கிடைத்த பழைய மீன்வலை. முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும், எதையாவது கடித்துக்கொண்டேதான் இருக்கும். நைலான் நூல் வயிற்றுக்குள் போனால் குடல் அடைத்துவிடும் என்பதால் உடனே கழற்றினேன். அப்புறம் ஒரு இஞ்சு கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்கி, இரண்டரை அடி உயரத்துக்கு வெட்டி, கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டு மூலைகளை இணைத்தேன். அப்போதும் வெளியே வந்தன. தாவுகின்றனவோ என்று மேலே துணி விரித்தேன், அதற்கும் பலனில்லை.

கடைசியில் ராத்திரி டார்ச்சோடு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. டை மேலேயும் நடுவிலும் இருந்தது, தரையை ஒட்டி இல்லை. முயல் மூலையில் மூக்கை வைத்துத் தள்ள, வழவழப்பான டைல்ஸில் மெஷ் சத்தமில்லாமல் நகர்ந்தது. முயல் வெளியே வந்ததும் கம்பியின் விறைப்பில் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியது! பகலில் எவ்வளவு தேடினாலும் ஓட்டை எப்படித் தெரியும்?

மூலைகளில் மெஷ் ஓரங்களை ஒரு கண் அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, தரையோடு ஒட்டி ஜிஐ (துத்தநாகம் பூசிய) கட்டுக்கம்பியால் முறுக்கினேன். இங்குள்ள உப்புக்காற்றுக்குச் சாதாக் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். முறுக்கிய முனை வெளிப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் முயலின் கண்ணைக் குத்தும். அதற்குப் பிறகு ஒன்றும் வெளியே வரவில்லை.