கல்லறைக் கல்லைக் கெடுக்கும் நல்ல மனசு

நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாள். அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே மலையகத்துச் சவக்காலைகளில் கம்பி பிரஷ் சத்தம் தொடங்கிவிடும். போன வருடம் ஹட்டன் பக்கம் நாலைந்து பையன்கள் முறிந்த பளிங்குக் கல்லொன்றைச் சுற்றி நின்றார்கள். பக்கத்தில் அரை மூடை சீமெந்து. இருபது வருடத்துக்கு முந்தின என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

கண்டியில் ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி (இறந்தது 1824), அதே ஊர் மகியாவைச் சவக்காலையில் இலங்கைக்குத் தேயிலைப் பயிரைக் கொண்டுவந்த தோட்டக்காரர்களில் பேர் பெற்ற ஜேம்ஸ் டெய்லர் (இறந்தது 1892) என்று பேர் பெற்றவர்களின் கல்லறையைத் தேடி ஆள் வரும். தோட்டத்துக் கல்லறைகளுக்கு இந்தப் பையன்கள்தான். அதனால் திட்டவும் மனசு வரவில்லை. கல்லைத் தொடுமுன் படம் எடுப்பது போன்றவை அவர்களுக்கே தெரியும், அதை விடுவோம்.

சீமெந்து

அன்றைக்கு என் கையில் கிடைத்தது, தேயிலைக்கு முந்தின காப்பித் தோட்டக் காலத்துக் குழந்தை ஒன்றின் கல். இடுப்பளவு உயரம், நடுவில் முறிவு. இரண்டு துண்டிலும் துளை போட்டு, கட்டடக் கம்பி செருகி, சீமெந்துக் கலவையால் ஒட்டினேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மூன்று மழைக்காலம் கழித்துப் போனால் என் ஒட்டு அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே, முழுசாக இருந்த கல் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் துரு.

பழைய பளிங்கு நூறு வருட மழையில் சீனி போல உதிரத் தொடங்கியிருக்கும். சீமெந்து அதற்கு மிஞ்சின விறைப்பு. கல் அசையும்போது அது வளைந்து கொடுக்காது. உள்ளே இறங்கின ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. அந்த ஈரம் சீமெந்தின் உப்பைச் சுமந்துகொண்டு கல் வழியாகத்தான் காயும். இரும்புக் கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பருத்து உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். சீமெந்தைப் பெயர்த்தால் கல்லும் சேர்ந்து வரும். கல்லில் இருந்த அந்தக் குழந்தையின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து அப்படித்தான் போனது. இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

சீமெந்துக்குப் பதிலாக நீற்றின சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவின மணல் மூன்று பங்கு. கம்பி வேண்டுமென்றால் துருப்பிடிக்காத உருக்கு மட்டும். கல்லைவிடக் கலவை பலவீனமாக இருக்க வேண்டும். வெடித்தால் கலவை வெடிக்கட்டும், அதைத் திரும்பப் பூசலாம். "அண்ணே, அது நிக்காதே!" என்று ஒருவன் கேட்டான். நிற்கும் தம்பி, அவசரப்படாவிட்டால்.

பெருமழையில் சுண்ணாம்பு வேலை

சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும். அடை மழையில் இறுகாது, நேர் வெயிலில் பொடியாகும். ஹட்டன், டிக்கோயா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கை வைக்காதீர்கள்; ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பதுளைப் பக்கம் கணக்கு தலைகீழ், ஜூன் முதல் ஓகஸ்ட் வரைதான் நல்லது. பூசினதை ஈரச் சாக்கால் சில நாள் மூடி வையுங்கள்.

கழிவறை கழுவும் அமிலம்

பளிங்கை அது கரைக்கும். வெள்ளையாகத் தெரிவது அழுக்குப் போனதால் அல்ல, மேல்தோல் போனதால். தண்ணீரும் மெத்தென்ற நார் பிரஷும் போதும்.

கம்பி பிரஷ்

தூக்கி எறியுங்கள்.

கேட்காமல் தொடுவது

கோயில் சபையிடம் கேளுங்கள், குடும்பம் இருந்தால் அவர்களிடமும்.

எழுத்துக்குக் கறுப்புப் பெயின்ட்

வேண்டாம். கரியும் சோக்கும் தேய்க்கவும் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் கல்லின் மேல் திருப்புங்கள். அந்தக் குழந்தையின் கல்லில் மிச்சம் இருக்கும் எழுத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.